ராத்திரி டவுன்லோட் பஞ்சாயத்து: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான், பெரிய கேம எப்போ டவுன்லோட் போடறது, டைம் எப்படி செட் பண்றது, வீட்ல திட்டு வாங்காம எப்படி முடிக்கறது. லீவு விட்டாலே இப்படித்தான். அதனால பிரிண்டர் கேள்வி, வைரஸ் கேள்வி எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், கோச்சிக்காதீங்க.

கேள்வி: அண்ணா, நான் காசிமேடு. மாமா அவரோட பழைய கேமிங் பிசிய எனக்கு குடுத்துட்டாரு. ஸ்டீம்ல (கம்ப்யூட்டர் கேம் விக்கற ஆன்லைன் கடை) சேல் போட்டப்போ ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வாங்கினேன், 150 ஜிபி காட்டுது. எங்க ஏரியா கேபிள் நெட்டு 40 எம்பிபிஎஸ். டவுன்லோட் ஆரம்பிச்சா டிவில யூடியூப் சுத்திக்கினே நிக்குது, உடனே அப்பா வந்து ரௌட்டர் ஒயர புடுங்கி விட்டுடறாரு. இப்போ மீன்பிடி தடைக்காலம் வேற, அப்பா நாள் முழுக்க வீட்லதான். சரின்னு ஸ்டீம்ல நைட்டு 1 மணிலேர்ந்து 6 மணி வரைக்கும்னு ஷெட்யூல் போட்டேன், அது கேக்கவே இல்ல, இன்ஸ்டால் அமுக்கின உடனே இழுக்க ஆரம்பிச்சிடுது. என்னா பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல அப்பா மேல தப்பு இல்ல. ஏப்ரல் 15 லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு படகு கரைலயே கட்டிக் கெடக்கும், அந்த மனுஷன் வீட்ல குந்திக்கினு நாலு பழைய பாட்டு பாக்கறதுல என்ன இருக்கு. மத்த மாசத்துல அவரு வீட்ல இருக்கற நேரமே கம்மி, இந்த ரெண்டு மாசம் டிவி அவரோடதுன்னு வெச்சிக்க.

இப்போ ஷெட்யூல் விஷயம். நீ செட் பண்ணது தப்பு இல்ல, ஆனா அந்த ஆப்ஷன் வேற வேலைக்கு வெச்சது. ஸ்டீம் செட்டிங்ஸ்ல டவுன்லோட்ஸ் உள்ள போனா 'ஷெட்யூல் ஆட்டோ அப்டேட்ஸ்'னு இருக்கும் பாரு, பேர்லயே இருக்குது, அது அப்டேட்டுக்கு மட்டும்தான். ஏற்கனவே போட்டு வெச்ச கேமுக்கு புதுசா பேட்ச் வந்தா, அத நீ சொன்ன நேரத்துக்குள்ள இழுத்துக்கும். புது கேம நீயா இன்ஸ்டால் அமுக்கினா "இவன் இப்பவே கேக்கறான்"னு நெனச்சிக்கினு உடனே ஆரம்பிச்சிடும். என் கடைக்கு வர்ற பசங்கள்ல பத்துல எட்டு பேரு இதுல ஏமாந்தவங்கதான், நானும் ஏமாந்தேன்.

அப்போ புது கேமுக்கு வழி என்னன்னா, பிசிய ஆன் பண்ணி ஸ்டீம்ல லாகின் பண்ணி வெச்சிட்டு நீ போய் படுத்துடு, அப்பா தூங்கினதும் போன்ல இருக்கற ஸ்டீம் ஆப்லேர்ந்தே இன்ஸ்டால் அமுக்கலாம், பிசில தானா ஆரம்பிக்கும், எழுந்து போய் லைட் போட வேணாம். காலைல எழுந்த உடனே 'பாஸ்' பட்டன அமுக்கி நிறுத்தி வெச்சிடு. மறுநாள் நைட்டு விட்ட எடத்துலேர்ந்து போகும்.

எத்தினி நைட்டு ஆகும்னு கணக்கு போட்டுப் பாத்துடலாம். 40 எம்பிபிஎஸ்ங்கறது பிட்டு கணக்கு, எட்டால வகுத்தா செகண்டுக்கு 5 எம்பி. 1 மணிலேர்ந்து 6 மணி வரைக்கும் 18,000 செகண்டு, அஞ்சால பெருக்கினா 90 ஜிபி. அதாவது 150 ஜிபி ஒரே நைட்டுல முடியவே முடியாது, ரெண்டு நைட்டு வேணும். இது கேபிள்காரர் சொன்ன ஸ்பீடு அப்படியே முழுசா வந்தா, எங்க வருது. இன்னொன்னு, ஸ்டோர்ல போட்டிருக்கற 150 டிஸ்க்ல புடிக்கற எடம், லைன்ல இழுக்கறது சுருக்கி வெச்சது, அதனால கொஞ்சம் கம்மியாவே முடியலாம்.

ஆனா என்ன கேட்டா நைட்டு வரைக்கும் காத்திருக்கவே வேணாம்னு சொல்வேன். உனக்கு தெரிஞ்ச எடமே சொல்றேன், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பர் உள்ள போக கண்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குமே, ரோட்டு முழுக்க அடைச்சிக்கினு, நடுவுல ஒரு பைக்கு போவ சந்து கெடைக்காம ஹார்ன் அடிச்சிக்கினே நிப்பாங்களே, உங்க வீட்டு ரௌட்டர்ல நடக்கறது அதுதான். ஸ்டீம் ஒரே நேரத்துல நிறைய கனெக்ஷன் தொறந்து லைன் முழுக்க அடைச்சிடும், அப்பாவோட யூடியூப் அந்த பைக்கு மாதிரி பின்னால மாட்டிக்கும். யூடியூபுக்கு என்ன பெருசா வேணும், 1080 க்வாலிட்டிக்கே 5 எம்பிபிஎஸ் போதும், அது கூட கெடைக்காம போறதுதான் பேஜார்.

அதனால அதே டவுன்லோட்ஸ் பக்கத்துல 'லிமிட் டவுன்லோட் ஸ்பீட்'ட ஆன் பண்ணி செகண்டுக்கு 3000 கேபின்னு போடு. பெட்டி பக்கத்துல யூனிட் பிட்டா பைட்டான்னு ஒரு தடவ பாத்துக்க, அதுல மாத்தி போட்டா எட்டு மடங்கு வித்தியாசம் ஆகி நாலஞ்சு நாளு இழுக்கும். 3000 கேபின்னா 24 எம்பிபிஎஸ், மிச்சம் 16 எம்பிபிஎஸ் வீட்டுக்கு. இப்படி விட்டா 150 ஜிபிக்கு கிட்டத்தட்ட 14 மணி நேரம், காலைல நாஸ்தா சாப்ட்டு போட்டா ராத்திரி சாப்பாடு தாண்டி கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும், அப்பாவுக்கு நடந்ததே தெரியாது.

மாமா குடுத்த பிசி பழசுன்னு சொன்ன, அதுல இருக்கறது பழைய ஹார்ட் டிஸ்க்கா, இல்ல அதவிட வேகமான எஸ்எஸ்டியான்னு பாரு. டவுன்லோட் கிராஃப் திடீர்னு சைபருக்கு எறங்கி டிஸ்க் கோடு மட்டும் மேல ஓடிக்கினு இருந்தா நெட்டு மேல பழி போடாத, வந்தத பிரிச்சி அடுக்க டிஸ்க்கு தெணறுதுன்னு அர்த்தம். கேபிள்காரருக்கு போன் போட்டு திட்றதுக்கு முன்னாடி இத பாத்துடு, பாவம் அவருக்கு மழைக்காலத்துல வாங்கற திட்டே போதும்.

கேள்வி: என் பையன் ராத்திரி பூரா கம்ப்யூட்டர ஓட விட்டுட்டு தூங்கறான். கேட்டா டவுன்லோடுன்றான். கரெண்டு பில்லு எகிறாதா? லைட்டு எரியறது எனக்கு தெரியக்கூடாதுன்னு கேபினெட் மேல துண்டு போட்டு மூடி வேற வெக்கறான். – ஒரு அம்மா, கொடுங்கையூர்

பதில்: அக்கா, பில்ல பத்தி கவலப்படாதீங்க, துண்ட பத்தி கவலப்படுங்க. கேம் ஆடாம மானிட்டர அணைச்சிட்டு சும்மா டவுன்லோட் மட்டும் ஓடினா சாதாரண பிசி 100 வாட்டுக்குள்ளயே இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு முக்கா யூனிட்டுன்னு வெச்சிக்கங்க. மாசத்துல நாலு நைட்டு ஓடினா 3 யூனிட்டு. உங்க வீட்ல ஏசி இருந்தா அது ஒரு மணி நேரத்துல ஒரு யூனிட்டு தாண்டும், அத ஒரு மணி நேரம் முன்னாடி நிறுத்தினாலே இது சரியா போச்சு.

துண்டு விஷயம் சீரியஸ். அந்த கேபினெட்டுக்கு மேலயும் பின்னாலயும் இருக்கற ஓட்டை வழியாத்தான் சூடு வெளிய போவணும். மூடி வெச்சா உள்ள ஃபேன் கத்திக்கினே சுத்தும், தூசி அடைக்கும், மே மாச வெயில்ல மதர்போர்டு போச்சின்னா பில்லு கணக்கு எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. போன வருஷம் ஒரு பையன் இப்படி லுங்கி போட்டு மூடி வெச்ச பிசிய தூக்கிக்கினு வந்தான், தொறந்து பாத்தா பவர் சப்ளைல லுங்கி நூலு சுத்திக்கினு இருந்தது. பையன் கிட்ட சொல்லிடுங்க, லைட்டு எரிஞ்சா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், துண்ட எடுன்னு. மானிட்டர் பட்டன அமுக்கி அணைச்சாலே ரூம்ல பாதி வெளிச்சம் போயிடும், அதுக்கு டவுன்லோட் நிக்காது.

கேள்வி: பிஎஸ்5 வெச்சிருக்கேன், எனக்கு ஷிஃப்ட் வேலை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆடலாம்னு குந்தினா அப்டேட்டு அப்டேட்டுன்னு அந்த ஒரு மணி நேரமும் போயிடுது. – திருவொற்றியூர் வாசகர்

பதில்: நீங்க ஒவ்வொரு தடவையும் முழுசா பவர் ஆஃப் பண்றீங்கன்னு நெனக்கறேன். அப்படி பண்ணாதீங்க, ரெஸ்ட் மோடுல விடுங்க. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங் உள்ள போயி ரெஸ்ட் மோடுல என்னென்ன ஓடலாம்ன்ற எடத்துல 'ஸ்டே கனெக்டட் டு தி இன்டர்நெட்'ட ஆன் பண்ணுங்க, ஆட்டோ அப்டேட்டையும் ஆன் பண்ணுங்க. நீங்க வேலைல இருக்கற நேரத்துல அது பாட்டுக்கு இழுத்துக்கும். புது கேம் வாங்கினாலும் போன்ல பிளேஸ்டேஷன் ஆப்லேர்ந்தே வீட்டு மெஷினுக்கு டவுன்லோட் அனுப்பலாம். விம்கோ நகர்ல மெட்ரோ ஏறும்போது அமுக்கினா வேலை முடிஞ்சி வர்றதுக்குள்ள ரெடி. எக்ஸ்பாக்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே கதைதான், பவர் ஆப்ஷன்ல 'ஸ்லீப்' வெச்சா பின்னால வேலை நடக்கும்.

கேள்வி: டவுன்லோட் 90 சதவீதம் வந்தப்போ கரெண்டு போயிட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா? எங்க தெருவுல ராத்திரி எப்போ போகும்னு சொல்லவே முடியாது. – வியாசர்பாடி

பதில்: வேணாம் தம்பி, அந்த காலம் போயிடுச்சி. ஸ்டீம் மாதிரி ஆளுங்க கேம ஒரே மூட்டையா அனுப்பறது இல்ல, ஏறக்குறைய ஒவ்வொரு எம்பியா வெட்டி துண்டு துண்டா அனுப்பறாங்க. கரெண்டு போனா கைல இருந்த துண்டு மட்டும்தான் போகும், மத்தது அப்படியே கெடக்கும். திரும்பி வந்ததும் சரி பாத்துட்டு மிச்சத்த இழுக்கும். கேம் தொறந்ததும் எர்ரர் அடிச்சா ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபைல் வெரிஃபை பண்ற ஆப்ஷன் இருக்கு, கெட்டுப்போன துண்ட மட்டும் மாத்திக்கும்.

எங்க காலத்த சொன்னா சிரிப்பீங்க. பழைய வண்ணாரப்பேட்டைல நான் பிரவுசிங் சென்டர்ல வேலை பாத்தப்போ 256 கேபிபிஎஸ் லைன் இருந்தாலே பெரிய ஆளு. பிஎஸ்என்எல்ல ஒரு ப்ளான்ல ராத்திரி 2 மணிலேர்ந்து காலைல 8 மணி வரைக்கும் எவ்ளோ இழுத்தாலும் காசு கெடையாது, அதுக்காகவே ஒண்ணே முக்காலுக்கு அலாரம் வெச்சி எழுந்து, கண்ணு எரிய எரிய 2 மணி அடிக்கறத பாத்துக்கினே இருந்து டவுன்லோட் மேனேஜர்ல பட்டன அமுக்கிட்டு படுப்பேன். செகண்டுக்கு 32 கேபி, ஆறு மணி நேரத்துக்கு 690 எம்பி சொச்சம். அதாவது ஒரு ராத்திரிக்கு ஒரு சிடி, கரெக்டா ஒரு சிடி. 7.50க்கு 97 சதவீதத்துல லைன் கட்டாகி, சர்வர்ல ரெஸ்யூம் (விட்ட எடத்துலேர்ந்து தொடர்ற வசதி) இல்லன்னு மெசேஜ் வந்த அன்னிக்கு நான் டீ கூட குடிக்கல.

உன் பிரச்சனைக்கு வர்றேன். பிசிக்கு யூபிஎஸ் இருந்தும் ரௌட்டருக்கு இல்லன்னா கரெண்டு போன உடனே நெட்டு போயிடும், பிசி மட்டும் முழிச்சிக்கினு குந்தி இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரௌட்டருக்குன்னே சின்னதா 12 வோல்ட் யூபிஎஸ் விக்குது, கையடக்கமா இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரௌட்டர் அடாப்டர்ல எத்தினி வோல்ட்டு எத்தினி ஆம்ப்னு போட்டிருக்கறத ஒரு போட்டோ எடுத்துக்கினு போ, கடைல அதத்தான் கேப்பாங்க. ஆனா தெருமுனைல கேபிள்காரர் வெச்சிருக்கற பெட்டிக்கும் கரெண்டு இல்லன்னா உன் யூபிஎஸ் ஒண்ணும் பண்ண முடியாது.

கேள்வி: எல்லாரும் நைட்டு 12 மணிக்கு மேல ஸ்பீடு பிச்சிக்கும்னு சொல்றாங்க. எங்க வீட்ல 12 மணிக்கு மந்தமாத்தான் வருது, விடியக்காலைல 4, 5 மணிக்குத்தான் பறக்குது. ஏன்? – பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எல்லாரும் 12 மணின்னு சொல்றதாலதான். ஒரு தெருவுக்கு வர்ற லைன தெருவே பங்கு போட்டுக்கும். ராத்திரி 8 லேர்ந்து 11 வரைக்கும் சீரியலு, கிரிக்கெட்டு, ரீல்ஸு. அது முடிஞ்ச கையோட உங்கள மாதிரி நாலு பசங்க 12 மணிக்கு ஒண்ணா பட்டன அமுக்கறீங்க. இன்னொன்னு, ஸ்டீம்ல சேலு தொடங்கறது அமெரிக்க பசிஃபிக் டைம் காலைல 10 மணிக்கு, கோடைல நமக்கு அது ராத்திரி 10.30, அவங்க குளிர்காலத்துல 11.30. வாங்கின கையோட இழுக்கறவங்க அந்த நேரத்துல எறங்குவாங்க. உங்க வீட்ல 4 மணிதான் நல்ல நேரம்னா அதையே வெச்சிக்கங்க, ஊருக்கு ஒரு ராகுகாலம்னு கணக்கு இருக்கற மாதிரி உங்க தெருவுக்கு ஒண்ணு. ரெண்டு மூணு நாளு வேற வேற நேரத்துல ஸ்பீடு டெஸ்ட் போட்டு ஒரு துண்டு சீட்டுல எழுதினாலே தெரிஞ்சிடும். புதன்கிழமை விடியக்காலைல ஸ்டீம் கொஞ்ச நேரம் கட்டானா பதறாதீங்க, அமெரிக்காவுல செவ்வாய் மதியம் அவங்க மெயின்டனன்ஸ் பண்ற நேரம் அது.

கேள்வி: எங்க வீட்ல வைஃபை இல்ல, போன் டேட்டா மட்டும்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. கேம் உள்ள மேப்பு, ரிசோர்ஸ் பேக்குன்னு தனியா கேக்குது, பத்தவே மாட்டேங்குது. – பெரம்பூர் தங்கச்சி ஒருத்தி

பதில்: டெய்லி பேக்கு ராத்திரி 12 மணிக்கு புதுசாகும்ல, அதுலதான் வித்தை. அன்னிக்கு மிச்சம் இருக்கற டேட்டாவ 11.30க்கு மேல டவுன்லோடுக்கு விடு, 12 அடிச்சதும் அடுத்த நாள் கணக்கு தொறக்கும், ரெண்டும் சேத்தா ஒரே உக்காரல்ல 3, 4 ஜிபி கெடைக்கும். மறுநாள் முழுக்க வாட்ஸ்ஆப்போட நிறுத்திக்கணும், அது உன் சாமர்த்தியம். ராத்திரில இழுக்கற டேட்டா கணக்குல சேராத ப்ளானும் இருக்குது, ரீசார்ஜ் பண்றப்போ கடைல கேட்டுப் பாரு. ரிசோர்ஸ் பேக்கு ப்ளே ஸ்டோர் மாதிரி பின்னாடி ஓடாது, பெரும்பாலும் கேம் தொறந்தே இருக்கணும், ஸ்க்ரீன் அணைஞ்சா நின்னுடும், சார்ஜர்ல போட்டுட்டு ஸ்க்ரீன் டைம்அவுட்ட கூட்டி வெச்சிட்டு விடு. தலகாணி கீழ மட்டும் வெக்காத.

ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்ப சேத்தா மறக்காம விண்டோஸ்ல அந்த கனெக்ஷன 'மீட்டர்ட்'னு (டேட்டாவ அளவா செலவு பண்ற மாதிரி) மாத்திடு. இல்லன்னா விண்டோஸ் அப்டேட்டு உன் 2 ஜிபிய ஒரே மொடக்குல குடிச்சிட்டு நன்றி கூட சொல்லாது.

கேள்வி: ப்ரீலோட் (ரிலீஸுக்கு முன்னாடியே கேம இழுத்து வெக்கறது) போட்டு ரெடியா வெச்சிருந்தும் ரிலீஸ் அன்னிக்கு ஒரு மணி நேரம் 'அன்பேக்கிங்'னு நிக்குது. – தண்டையார்பேட்டை

பதில்: ப்ரீலோட்ல வர்றது பூட்டு போட்ட பெட்டி. சாவி ரிலீஸ் நேரத்துலதான் வரும், அப்புறம் பெட்டிய தொறந்து எல்லாத்தையும் எடுத்து அடுக்கணும். அது நெட்டு வேலை இல்ல, டிஸ்க்கு வேலை. எஸ்எஸ்டி போடுங்க, எடமும் தாராளமா விடுங்க.

கேள்வி: நானும் என் ஃப்ரெண்டும் கொருக்குப்பேட்டைல பக்கத்து பக்கத்து தெரு. அவன் கிட்ட அதே கேம் ஸ்டீம்ல இருக்கு, நானும் வாங்கிட்டேன். நான் திரும்ப 100 ஜிபி இழுக்கணுமா?

பதில்: இழுக்கவே வேணாம். 2023லேர்ந்து ஸ்டீம்லயே ஒரே நெட்வொர்க்ல இருக்கற ரெண்டு பிசிக்கு நடுவுல கேம் ஃபைல மாத்திக்கற வசதி இருக்குது. உங்க லேப்டாப்ப தூக்கிக்கினு அவன் வீட்டுக்கு போங்க, ரெண்டையும் ஒரே ரௌட்டர்ல லேன் கேபிள்ல சேருங்க, ரெண்டு பேரும் அவங்கவங்க ஸ்டீம்ல லாகின் பண்ணுங்க, டவுன்லோட்ஸ் செட்டிங்ஸ்ல லோக்கல் நெட்வொர்க் ட்ரான்ஸ்ஃபர்ல நண்பர்களையும் அனுமதிக்கற மாதிரி மாத்துங்க, அப்புறம் நீங்க இன்ஸ்டால் அமுக்கினா இன்டர்நெட்ட விட்டுட்டு அவன் பிசிலேர்ந்தே இழுக்கும். கிகாபிட் ரௌட்டரா இருந்தா 100 ஜிபி அவன் அம்மா போட்ட டீய குடிச்சி முடிச்சி ஒரு ரவுண்டு கேரம் ஆடறதுக்குள்ள கிட்டத்தட்ட வந்துடும்.

கேள்வி: ராத்திரி டவுன்லோட் முடிஞ்சதும் பிசி தானா ஆஃப் ஆகணும், வழி இருக்கா? – புளியந்தோப்பு

பதில்: முடிஞ்சதும்னு இல்ல, ஒரு நேரம் குறிச்சி ஆஃப் பண்ணலாம். விண்டோஸ்ல 'டாஸ்க் ஷெட்யூலர்'னு தேடுங்க, புதுசா ஒரு டாஸ்க் போட்டு காலைல 6 மணிக்கு 'ஷட்டவுன்' ப்ரோகிராம் ஓடற மாதிரி வெச்சிடுங்க. அதுலயே தூங்கற பிசிய குறிச்ச நேரத்துக்கு எழுப்பற ஆப்ஷனும் இருக்கு, நைட்டு 1 மணிக்கு எழுப்பி விட்டா ஸ்டீமோட அப்டேட் ஷெட்யூலும் அதுவும் கைகோத்துக்கும். பவர் ஆப்ஷன்ஸ்ல 'வேக் டைமர்'ர அனுமதிச்சி இருக்கணும், அது மட்டும் பாத்துக்கங்க.

ஆனா வேல முடிஞ்சதும் அந்த டாஸ்க்க அழிக்க மறக்காதீங்க. நான் போன வாரம் ஒரு கேமுக்காக போட்டு வெச்சத அழிக்கல. இன்னிக்கு விடியக்காலைல குந்தி இந்த பதிலெல்லாம் டைப் பண்ணிட்டு, சேவ் பண்ணாம கீழ இட்லி வாங்க எறங்கினேன், மணி ஆறு. நீங்க இப்போ படிக்கறது ரெண்டாவது தடவ எழுதினது.